இரண்டாம் அறுப்புப் புல்

எங்கள் பள்ளத்தாக்கில் ஒருவரை அவமானப்படுத்தத் திட்ட வேண்டியதில்லை. அவர் வீட்டுப் பரணில் ஏறி, அங்கே அடுக்கியிருக்கிற புல்லைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் இறங்கி வந்தால் போதும். மனிதர் ஒரு வருடம் நிம்மதியாகத் தூங்க மாட்டார். அப்படிப்பட்ட ஊரில், பதினெட்டுப் பசுக்களும் இரண்டு பரண் நிறைய உலர்ந்த புல்லும் வைத்திருக்கிற ஃப்ரிட்லியின் வீட்டுக்குள், கடையில் விலைக்கு வாங்கிய புல்லைப் பிளாஸ்டிக் பையோடு கொண்டுவந்து சமையலறை மேசைமேல் வைத்தாள் அவர் மனைவி சலோமே. பையில் ஒரு முயல் படம் வேறு. அது ஃப்ரிட்லியைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

பை நுஸ்லிக்காக. நுஸ்லி ஒரு கினிப்பன்றி; பேரில்தான் பன்றி, எலி ஜாதி. பழுப்பு நிறம், நல்ல நாளில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே எடை. பிள்ளைகள் போதவில்லை என்று ஊர்ப் பள்ளிக்கூடத்தை மூடியபோது, அங்கே சமையல் வேலை பார்த்த சலோமேவுக்கு வேலை போனது. வகுப்பில் வளர்த்த நுஸ்லியையும் அதன் ஜோடி மோக்காவையும் எடுத்துக்கொள்ளவும் ஆளில்லை. எங்கள் நாட்டில் கினிப்பன்றியை ஒற்றையாக வளர்க்கச் சட்டம் விடாது. அதனால் இரண்டையும் அவள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மாட்டுக்காரன் வீட்டில் எலி வளர்க்கிறோம் என்று ஃப்ரிட்லி பால் ஊற்றும் இடத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். ஆனால் அவருடைய ரப்பர் பூட்ஸ் சத்தம் வாசலில் கேட்டதும் நுஸ்லி கீச்சென்று விசிலடிக்கும். சலோமே வந்தால் அடிக்காது. மோக்கா யாருக்குமே அடிக்காது. எலி என்று சொல்வதை அவர் அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. ஆனால் தினமும் மாலையில் பரணிலிருந்து இறங்கும்போது அவர் சட்டைப் பைக்குள் ஒரு பிடி புல் இருந்தது.

அது கண்ட புல் இல்லை. இரண்டாம் அறுப்பு. முதல் அறுப்பு முடிந்தபின் தளிர்த்து, ஆகஸ்டில் அறுபடுகிற புல். தண்டே இருக்காது, எல்லாம் இலை. பச்சை மாறாமல், குழந்தையின் தலைமுடி மாதிரி மெத்தென்று இருக்கும். கறவைப் பசுவுக்குப் போட்டால் மறுநாளே பாலில் தெரியும். வெயிலை நம்பி அறுத்து, நாளுக்கு நாலு தடவை புரட்டி, மழை விழுவதற்கு அரை மணி முன்னால் பரணில் சேர்ப்பதில் ஃப்ரிட்லியை மிஞ்ச எங்கள் பள்ளத்தாக்கில் ஆள் கிடையாது. அந்தப் புல்லைத்தான் அந்தச் சின்ன உயிருக்குக் கொடுத்தார். அன்பு என்று வாய்விட்டுச் சொல்ல வராத மனிதர், தன்னிடம் இருப்பதிலேயே உயர்ந்ததை எடுத்து நீட்டினார்.

ஜனவரியில் நுஸ்லியின் மோவாய் ஈரமாக ஆரம்பித்தது. கேரட்டைக் கவ்வும், நழுவ விடும், மறுபடி கவ்வும். எடை குறைந்துகொண்டே வந்தது. பிப்ரவரி நடுவில், கீழே ஷ்வாண்டனில் இருக்கிற கால்நடை மருத்துவர், ஏப்லி அம்மாள், அதன் வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய்ப் பற்கள் நீண்டு நாக்கின்மேல் வளைந்திருந்தன. கினிப்பன்றிக்குப் பல் சாகிறவரை வளரும். முரட்டுத் தண்டை நாள் முழுக்க அரைத்து அரைத்துத்தான் அது தேய வேண்டும். மயக்க மருந்து கொடுத்துப் பல்லை அராவிவிட்டு, மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்: மெல்லிய புல்லைக் காட்டவே கூடாது, பூத்து முற்றியபின் அறுத்த முதல் அறுப்பு மட்டும் போட வேண்டும், மூன்று வாரம் கழித்துக் கொண்டுவர வேண்டும்.

வீட்டில் அப்படிப்பட்ட புல் இருக்கிறதா என்று சலோமே கேட்டதற்கு, தன் பரணில் அந்தக் குப்பைக்கு இடமில்லை என்று ஃப்ரிட்லி பெருமையாகப் பதில் சொன்னார். உண்மைதான். முதல் அறுப்பைக்கூட அவர் பூக்கிறதற்கு முன்னால் அறுத்துவிடுவார். அதனால்தான் அவள் கடைக்குப் போனாள், முயல் படம் போட்ட பை வந்தது.

அன்று சாயங்காலம் அவள் பாட்டுப் பயிற்சிக்குப் போனதும் ஃப்ரிட்லி பையைப் பிரித்தார். மஞ்சளும் பழுப்புமாக, குச்சி குச்சியாகத் தண்டு. இதைப் போய் வாய்ப்புண்ணோடு இருக்கிற ஜீவனுக்குப் போடுவதா என்று முணுமுணுத்தார். ஒரு பிடியை ஒதுக்கி வைத்துக்கொண்டு, மீதியைக் கன்றுக்குட்டிக்குக் கீழே படுக்கையாகக் கொட்டிவிட்டு, பையில் தன் இரண்டாம் அறுப்பை அடைத்தார். மேலே மட்டும் ஒரு அடுக்குக் கடைத் தண்டைப் பரப்பினார். சலோமே கிளாரூஸ் நகரத்துத் தபால்காரர் மகள்; இந்த வீட்டுக்கு வந்து முப்பது வருடம் ஆகியும் அவளுக்குப் புல் என்றால் புல்தான். அவளுக்கு வித்தியாசம் தெரியாது என்று அவருக்குத் தெரியும். அடுத்த பை வந்தபோதும் அப்படியே செய்தார். காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி கொடுப்பதில்லையா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பாதி பாசம், பாதி வீம்பு. என்னைக் கேட்டால், வீம்புதான் முக்கால்வாசி. பாசம் மட்டும் என்றால் மேலே எதற்கு அந்த ஒரு அடுக்கு?

மார்ச் இரண்டாம் வாரம் தெற்கு மலையிலிருந்து வெங்காற்று இறங்கியது. அது வீசுகிற நாட்களில் எங்கள் ஊரில் யாருக்கும் தலை தலையாக இருக்காது. பனி ஒரே ராத்திரியில் உருகும், ஜன்னல் சட்டம் நடுங்கிக்கொண்டே இருக்கும், பசுக்கள் கறக்கும்போது உதைக்கும், புருஷன் பெண்டாட்டி உப்புக்குச் சண்டை போடுவார்கள். அந்தப் புதன்கிழமை காலையில் சலோமே நுஸ்லியைத் தராசில் வைத்தாள். எண்ணூற்று அறுபது கிராம். மோவாய் மறுபடி நனைந்திருந்தது.

அவள் மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு வந்து காபியை ஊற்றினாள். பிறகு, வானிலை சொல்வது போன்ற குரலில் விவரம் சொன்னாள். சரியான புல்லைப் போட்டும் மூன்றே வாரத்தில் பல் வளர்ந்துவிட்டதென்றால் கோளாறு வேரில் இருக்கிறது, அதற்கு மருந்தில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மயக்க மருந்து கொடுத்தால் அந்த இதயம் தாங்காது. வெள்ளிக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள், திரும்ப எடுத்துப்போகும் எண்ணத்தோடு வர வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

ஃப்ரிட்லி கடித்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்தார். சரியான புல்லைப் போட்டும் என்ற அந்த வார்த்தை காதில் மாட்டிக்கொண்டது. எழுந்து தொழுவத்துக்குப் போனார், ஏன் வந்தோம் என்று தெரியாமல் திரும்பினார். பரணில் ஏறினார். முள்கரண்டியை எடுத்தார், சாத்தி வைத்தார். இரண்டாம் அறுப்பு பச்சையாக, அழகாக, கூரை தொட அடுக்கியிருந்தது. முதல் தடவையாக அதைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை.

சொல்லிவிடலாம். ஆனால் சொல்லாமலே சரிசெய்துவிட முடிந்தால்? வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. கடைக்குப் போனால் ஊரே பார்க்கும், சலோமேவுக்கும் செய்தி போகும். முற்றிய புல் இன்னொரு இடத்தில் இருந்தது. நினைக்கும்போதே அவருக்குக் காது சூடானது.

ஓடைக்கு அந்தப் பக்கம் காஸ்பரின் நிலம். பூவுக்கும் பூச்சிக்குமாக ஜூலை நடுவரை அறுக்க மாட்டேன் என்று அரசாங்கத்தோடு ஒப்பந்தம் போட்டவர் காஸ்பர். இடுப்பளவு வளர்ந்து, பூத்து, விதை கொட்டி, குச்சியாக நிற்கிற புல்லைத்தான் அவர் அறுப்பார். அது புல்லே இல்லை, மாட்டுக்குக் கீழே போடத்தான் ஆகும் என்று ஃப்ரிட்லி பதினைந்து வருடமாக, கல்யாண வீடு, சாவு வீடு பார்க்காமல் சொல்லிவந்தார். அந்த மனிதரின் வாசலில் புதன்கிழமை மத்தியானம் ஒரு காலிச் சாக்கோடு போய் நின்றார். காற்று சாக்கை உப்ப வைத்து, மறைக்கவும் விடாமல் அலைக்கழித்தது.

காஸ்பர் சாக்கைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார்.

"யாருக்கு? மாட்டுக்கா?"

"மாட்டுக்கு இல்ல. வீட்டுக்கு."

"ஏன், சலோமே உனக்கு இப்ப புல்லுதான் போடறாளா?"

ஃப்ரிட்லி சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். காஸ்பருக்கு இந்தச் சந்தர்ப்பத்தை விட்டுவிட மனமில்லை. தன் புல் நல்ல புல் என்று ஒரே ஒரு தடவை சொன்னால் சாக்கு நிறைய அள்ளிக்கொள்ளலாம் என்றார். பதினைந்து வருடத்துக்கு அது குறைந்த விலைதான்.

"நல்ல புல்லுன்னு சொல்ல வரல காஸ்பர். ஆனா இன்னிக்கு எனக்கு இந்தப் புல்லுதான் வேணும். என்னோடது ஆகாது."

காஸ்பர் தானே சாக்கை வாங்கி நிரப்பிக் கொடுத்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. கேலி செய்திருந்தால் ஃப்ரிட்லிக்குத் தேவலை போல இருந்திருக்கும்.

சலோமே கொல்லையில் துணியை எடுக்கப் போன சமயத்தில், பையில் இருந்ததைக் காலி செய்து காஸ்பரின் புல்லை அடைத்தார். ஒரு கைப்பிடி எடுத்துக் கூண்டில் வைத்தார். மோக்கா ஓடிவந்து ஒரு நீளத் தண்டை இழுத்து, நறுநறுவென்று தின்றுகொண்டே உள்ளே இழுத்தது. நுஸ்லியும் வந்தது. ஆசையோடுதான் வந்தது. ஒரு தண்டை எடுத்தது, தலையை ஒரு பக்கம் சாய்த்து ஒரு கடி கடித்தது, நின்றது. தண்டு விழுந்தது. மறுபடி எடுத்தது. மூன்றாவது தடவை விழுந்தபின், அதன்மேலேயே முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டது.

அப்போதுதான் ஃப்ரிட்லிக்கு முழுதாக உறைத்தது. பல்லை மறுபடி அராவாமல் இதைத் தின்ன முடியாது. தின்றால் பிழைக்கும், ஆனால் இது பிழைக்கும் என்று மருத்துவருக்குத் தெரியாது. சரியான புல் போட்டும் ஆகவில்லை என்றுதான் அவருக்குத் தெரியும். அதனால் வெள்ளிக்கிழமை ஊசி போட்டுவிடுவார். இல்லாத நோய்க்காக ஒரு உயிர் போகப்போகிறது, அந்த நோய் இல்லை என்று உலகத்தில் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான்.

சொல்லத்தான் வேண்டும் என்று முடிவு செய்தார். வியாழக்கிழமை முழுவதும் முடிவு செய்துகொண்டே இருந்தார். பால் கொண்டுபோகும் வழியில் முடிவு செய்தார், வேலிக் கம்பத்தைத் தேவையே இல்லாமல் பிடுங்கி நட்டபோது முடிவு செய்தார். மத்தியானச் சாப்பாட்டில் மக்ரோனியும் உருளைக்கிழங்கும் ஆறிப்போகிறவரை, தொட்டுக்கொள்ள வைத்த ஆப்பிள் கூழைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தார். காற்று நிற்கவே இல்லை.

சாயங்காலம் சலோமே நுஸ்லியை மடியில் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு, ஊசி இல்லாத சிரிஞ்சால் கூழை வாயோரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள். ஃப்ரிட்லி எதிரே வந்து உட்கார்ந்தார். கைகளைத் தொடைமேல் வைத்தார், எடுத்தார். பேச வாயெடுத்தபோது அவள் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"நான்தான் ஏதாவது தப்பா வாங்கிட்டேனா, ஃப்ரிட்லி? எனக்குப் புல்லு தெரியாது. உனக்குத் தெரியும். நான் வாங்கின பை சரியில்லையா?"

அதைவிட நல்ல வாசல் அவருக்கு யாரும் திறந்துவிட முடியாது. உள்ளே நுழைந்து சொல்ல வேண்டியதுதான் பாக்கி. இல்லை, பையில் ஒரு குறையும் இல்லை என்றார் ஃப்ரிட்லி. காற்றுக்கு மாடுகள் மிரள்கின்றன, பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டார். மாடுகள் அமைதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தன. அவர்தான் தொழுவத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார்.

வெள்ளிக்கிழமை ஷ்வாண்டனில், மருத்துவர் நுஸ்லியின் வாயைச் சின்ன விளக்கால் பார்த்தார். நீண்ட நேரம் பார்க்கவில்லை. நினைத்தது மாதிரிதான் என்றார். சலோமேவிடம் அன்பாகத்தான் பேசினார்: நீங்கள் செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டீர்கள், சரியான புல்லைத்தான் கொடுத்தீர்கள், இது உங்கள் கையில் இல்லை. மோக்காவுக்கு ஒரு துணையை எங்கிருந்து பெறலாம் என்றும் சொன்னார். சலோமே நுஸ்லியின் முதுகைத் தடவிக்கொண்டே, சரி, என்றாள். மருத்துவர் அலமாரிப் பக்கம் திரும்பினார்.

"அது அந்தப் புல்லத் தின்னவே இல்ல."

குரல் தன்னுடையது என்று ஃப்ரிட்லிக்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. மருத்துவர் திரும்பினார்.

"அப்ப எதைத் தின்னுச்சு?"

"என்னோடத. ரெண்டாம் அறுப்பு. மூணு வாரமும் அதான். அவ வாங்கினத நான் கொட்டிட்டு, அதே பையில என்னோடத அடைச்சு வெச்சேன்." ஒரு மூச்சு விட்டார். "மேல மட்டும் கடைப் புல்லு."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. சொல்லிவிட்டார். அந்த ஒன்றுக்காக நான் அவரைக் கொஞ்சம் மன்னிப்பேன்.

சலோமே அவரைப் பார்க்கவில்லை. அவள் கை நுஸ்லியின் முதுகில் அப்படியே நின்றுவிட்டது. மருத்துவர் மட்டும் கையிலிருந்ததை வைத்துவிட்டு மறுபடி விளக்கை எடுத்தார். தாடையை வெளியிலிருந்து விரலால் அழுத்திப் பார்த்தார், எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். வேரில் கோளாறு இல்லை. பல்லை அராவிவிடலாம், இந்தத் தடவை உண்மையிலேயே முரட்டுப் புல் போட்டால் பிழைக்க வழியுண்டு, ஒரு வாரத்தில் தானாக அரைக்க ஆரம்பிக்க வேண்டும் என்றார். ஃப்ரிட்லியிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"உங்க புல்லு ரொம்ப நல்ல புல்லுதான், ஐயா. பசுவுக்கு."

திரும்பி வரும் வழியில் காற்று நின்று மழை பிடித்துக்கொண்டது. சலோமேதான் காரை ஓட்டினாள். மயக்கம் தெளியாத நுஸ்லி பெட்டிக்குள் ஃப்ரிட்லியின் மடியில் இருந்தது. பாதி வழியில், ஆலைத் திருப்பம் தாண்டியபின்தான் அவள் பேசினாள்.

"நேத்து உங்கிட்ட கேட்டேன்."

"கேட்ட."

"நான் தப்பு பண்ணிட்டேனான்னு கேட்டேன்."

"ஆமா."

"நீ மாடு பாக்கப் போயிட்ட."

வீம்பில் பையை மாற்றியதை அவள் ஒருவேளை ஒரு நாள் சிரித்துக்கொண்டே பால் ஊற்றும் இடத்தில் சொல்லக்கூடும். நேற்றுச் சாயங்காலத்தைச் சொல்லிச் சிரிக்க மாட்டாள். அது அவருக்குத் தெரிந்தது.

அவள் வீட்டுக்குத் திரும்பாமல் ஓடைப் பாலத்தைத் தாண்டி காஸ்பரின் வாசலில் காரை நிறுத்தினாள். தானே இறங்கிப் போய்ப் பேசினாள். இரண்டு சாக்கு நிறையப் புல்லோடு அவளும் காஸ்பரும் வந்து காரின் பின்னால் ஏற்றினார்கள். காஸ்பர் ஜன்னல் வழியே ஃப்ரிட்லியைப் பார்த்துத் தலையசைத்தார், அவ்வளவுதான்.

அடுத்த நாலு நாள் வீட்டில் சிரிஞ்சும் கூழும் துண்டுமாகப் போனது. இரண்டு மணிக்கு ஒரு தடவை ஊட்ட வேண்டும். ஃப்ரிட்லி தன் முறைக்கு ஒரு நிமிஷம் பிந்தாமல் வந்து நின்றார். சலோமே சிரிஞ்சைக் கையில் கொடுப்பாள், எவ்வளவு என்று சொல்லுவாள், போய்விடுவாள். கோபம் என்று சொல்ல முடியாது. சாப்பாடு போட்டாள், மழை நிற்குமா என்று கேட்டாள், சட்டையில் பொத்தான்கூடத் தைத்துக் கொடுத்தாள். அதுதான் அவரை உட்கார விடாமல் அடித்தது.

செவ்வாய்க்கிழமை காலை, கறந்து முடித்து வந்து கை கழுவும்போது, கூண்டிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. மோக்கா ஒரு மூலையில் தூங்கிக்கொண்டிருந்தது. நுஸ்லி ஒரு தடித்த தண்டின் முனையை வாயில் வைத்துக்கொண்டு, தாடையை இடவலமாக ஆட்டி அரைத்துக்கொண்டிருந்தது. தண்டு விரல் விரலாகக் குறைந்து உள்ளே போனது. அடுத்த தண்டை எடுத்தது.

"சலோமே," என்றார். "அரைக்குது."

அவள் ஓடிவந்து அவர் பக்கத்தில் முட்டிபோட்டாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை, அவர் தோளில் சாய்ந்தாள். ஐந்து நாளாக நெஞ்சில் கட்டியிருந்தது அவருக்கு அவிழ்ந்துபோனது. முடிந்தது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தார்.

தட்டில் புல் தீர்ந்துபோயிருந்தது. அவர் எழுந்து, நான் போய் எடுத்துவருகிறேன் என்று கதவுப் பக்கம் போனார். சாக்குகள் இன்னும் காரிலேயே இருந்தன. வீட்டுக்குள் வைக்க அவள் இன்னும் இடம் பார்க்கவில்லை என்றுதான் அவர் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

"இரு," என்றாள் சலோமே. "நானே எடுத்துட்டு வரேன்."

மேல்கோட்டை மாட்டிக்கொண்டு, அதன் பையிலிருந்து சாவியை எடுத்தாள். அவர் ஜன்னல் வழியே பார்த்தார். எங்கள் பள்ளத்தாக்கில் யாரும் காரைப் பூட்டுவதில்லை. சாவி ராத்திரி பகலாக அதிலேயே தொங்கும். அவள் மழையில் நடந்துபோய், பின்கதவைச் சாவி போட்டுத் திறந்து, ஒரு கை நிறையப் புல்லை எடுத்துக் கோட்டுக்குள் நனையாமல் அணைத்துக்கொண்டாள். பிறகு கதவைச் சாத்தி, பூட்டி, கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.